வாடகைக்காரர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்

கோலாலம்பூர் மேயரான டத்தோ பண்டார் அவர்களுக்கும் மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்குக் கடை வைத்துப் பிழைக்கிறவர்களில் ஒருவன் நான். 2025 ஜூனில் நடப்புக்கு வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள நிலங்களில் இன்னும் நெருக்கமாக, இன்னும் உயரமாகக் கட்ட வழிவிடுகிறது. எங்களுக்கோ கேஎல் சென்ட்ரலும் மோனோரெயில் நிலையமும் நடந்து போகும் தூரம்தான். பழைய கடைவீட்டு வரிசைகளைக் கலப்பு மேம்பாட்டு நிலமாக மாற்றக் கேட்டு உங்கள் மேசைக்கு விண்ணப்பங்கள் வரத்தான் செய்யும்.

வரட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருப்பது எங்களுக்கு ஒன்றும் புதுசில்லை. என் மனக்குறை வேறு. நில மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் பேச்சுவார்த்தை உங்களுக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. பட்டாவில் உள்ள நிபந்தனையை மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்கீழ் மனுப் போடுகிறவர் அவர். ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் கடிதம் பெரும்பாலும் பக்கத்து நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளருக்குப் போகிறது. அவர் சுபாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். அந்த நிலத்தில் தினமும் கடை திறக்கிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வருவதில்லை. இடத்தில் அறிவிப்புப் பலகை வைக்கிறீர்கள், உண்மைதான். அதன் மலாயையும் லாட் எண்ணையும் படித்துப் புரிந்துகொள்ள வேலைக்கு நடுவே யாருக்கு நேரம் இருக்கிறது?

2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவிலும் இதே கதைதான். பழைய கட்டடத்தை மறுமேம்பாடு செய்ய, 30 வயதைத் தாண்டியதற்கு 75 விழுக்காடு சம்மதம், அதற்குக் குறைந்த வயது என்றால் 80, கைவிடப்பட்டதற்கு 51. அந்த மசோதாவின் கதி எதுவானாலும் சரி, இந்த எண்கள் மூன்றும் உரிமையாளர்களை மட்டுமே எண்ணியவை.

நிலையத்தைச் சுற்றிக் கட்டுவதற்குக் கேஎல் சென்ட்ரலை உதாரணமாகக் காட்டுவார்கள். அது ரயில்வேயின் பழைய யார்டு இருந்த 72 ஏக்கரில் எழுந்தது. எங்கள் தெருவின் கணக்கே வேறு. ஒரு கடைவீட்டுக்கு ஓர் உரிமையாளர், கீழே ஒரு வாடகைக்காரர், மாடியில் பாட்டு வகுப்பு நடத்தும் இன்னொருவர், கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் மேசை போட்டு மாலை கட்டும் மூன்றாமவர். நாலு பேரில் ஒருவரைத்தான் உங்கள் கோப்புக்குத் தெரியும்.

பினாங்கில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரியோடு வாடகைகள் சந்தை விலைக்கு அவிழ்ந்தன. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த பல குடும்பங்களும் சிறு தொழில்காரர்களும் கிளம்பிப் போனார்கள். 2008ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது, அந்தப் பெருமைக்குக் காரணமானவர்களில் பலர் அங்கே இல்லை. அந்தச் சட்டம் நல்ல சட்டம் என்று நான் வாதாட வரவில்லை. வீட்டைப் பழுதுபார்க்கக்கூட உரிமையாளருக்கு மனசு வராதபடி செய்த சட்டம் அது. ஆனால் அதை நீக்கியபோது குடியிருந்தவர்களை எங்கே வைப்பது என்று முன்கூட்டி யோசிக்காததற்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் கண் பார்வையற்றவர்கள் மசாஜ் நிலையங்கள் நடத்துகிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால்தான் நடைபாதைகளில் காலால் தடவிப் போகும் மேடுபட்ட ஓடுகளைப் பதித்தீர்கள். அவர்களுக்கு இந்த ஊர் மனப்பாடம். எத்தனை அடியில் திருப்பம், எந்த வாசலில் சாம்பிராணி வாசம் என்று தெரிந்து நடக்கிறவர்கள். ஒரு வரிசையை இடித்துத் தகரத் தடுப்பு போட்டால் அந்த ஓடு பாதியில் நின்றுபோகும். கட்டி முடிய நாலைந்து வருடம் ஆகலாம். அதுவரை அவர்களின் வாடிக்கையாளர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கடை தருகிறேன் என்றால் அது மாற்று இடமாகுமா? இதையெல்லாம் போக்குவரத்துப் பாதிப்பு அறிக்கை சொல்லாது. கார்களை எண்ணுவதற்கே அதற்குப் பொழுது சரியாக இருக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நில மாற்ற விண்ணப்பம் வந்ததும், அந்த முகவரியில் தொழில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் கடிதம் போடுங்கள். உரிமம் கொடுத்ததே நீங்கள்தான், பட்டியல் உங்களிடமே இருக்கிறது. அனுமதி தருவதானால், தெருவைப் பார்த்த கீழ்த்தளம் சின்னச் சின்னக் கடைகளாக, ஒவ்வொன்றும் தெருவுக்கு வாசல் வைத்ததாக இருக்க வேண்டும் என்று மேம்பாட்டு ஆணையின் நிபந்தனையிலேயே எழுதுங்கள். முன்பு இருந்தவருக்குத் திரும்பி வர முதல் உரிமையும் அதிலேயே இருக்கட்டும். வாய்வார்த்தை வேண்டாம், மேம்பாட்டாளர் கைமாறினால் வார்த்தையும் மாறிவிடும்.

நிலப் பயன்பாடு மாறும்போதும் அடர்த்தி கூடும்போதும் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்கிறீர்கள். நிலத்தின் மதிப்பு ஏறியதில் நகரத்தின் பங்கு அது. அந்த மதிப்பை ஏற்றியதில் பூக்கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால், அதில் ஒரு பகுதியை இடம்பெயரும் கடைகளின் இடைக்கால வாடகைக்கு ஒதுக்கக் கேட்பது அதிகமில்லை.

கோலாலம்பூரில் எங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர் கிடையாது, அதனால்தான் நேரே உங்களுக்கு எழுதுகிறேன். தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் மேம்பாட்டு ஆணையை ரத்துசெய்த கூட்டரசு நீதிமன்றம், முடிவுக்கான காரணத்தைச் சொல்வது டத்தோ பண்டாரின் கடமை என்றது. எங்கள் கோரிக்கையை மறுப்பதானாலும் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

அப்புறம், கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். கோயிலுக்கு மாலை போகிற நேரம், பூக்கடைக்காரர் ஒருவரும் வர மாட்டார்.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வாடகைக்காரர் ஒருவர்