மாங்கொட்டை விபத்தா, நோயா?

கன்னங்குறிச்சி, சேலம் – 8
12.8.2025

அன்புள்ள மாதேஸ்,

உன் கடிதம் சித்திரை பிறந்த மறுநாள் வந்தது. ஆடியே முடியப்போகிறது, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய சீரியல் பல்புகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள், இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் போனில் திட்டிக்கொள். சரோஜாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொல்கிறார், சரோஜா நம்பவில்லை. வித்யா ஓசூரிலேயே இருக்கிறாள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவ்வளவுதான் குடும்பச் செய்தி.

நாய்க்குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று மருமகள் கேட்பதாக எழுதியிருந்தாய். பால் சங்கத்தில் நூற்றுக்கணக்கான மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டவன், உனக்குத்தான் தெரியும் என்று ஐஸ் வேறு வைத்திருந்தாய். அந்த ஐஸில்தான் வழுக்கி விழுந்தேன். அறிவுரை சொல்வதற்கு முன் நாமே ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று ஏப்ரல் 18ஆம் தேதி எங்கள் நாய் மணிக்கு ஒரு பாலிசி எடுத்தேன். ஆறு வயது லாப்ரடார், ஏழு முடிந்தால் சேர்க்கமாட்டார்களாம். வரியோடு 4,600 ரூபாய். எல்லாம் போனிலேயே முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிப் பையன் கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன், நாயின் போட்டோ கேட்டான், அனுப்பினேன். பாலிசி பிடிஎஃப் வந்தது. நான் படித்தேனா? இருபத்தாறு வருஷம் பால் சங்கச் செயலாளராக இருந்தவன், முதல் பக்கத்தில் மணியின் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவைத்தேன்.

பதினாறு நாள் கழித்து, அக்னி நட்சத்திரம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒரு கூடை செந்தூரா. பேரப்பிள்ளைகள் தின்றுவிட்டுக் கொட்டைகளைத் திண்ணை ஓரம் போட்டிருந்தார்கள். மணிக்கு மாம்பழம் என்றால் உயிர், அது உனக்கே தெரியும். அன்று ராத்திரி வாந்தி. வெயிலுக்கு என்று விட்டுவிட்டோம். திங்கட்கிழமை தயிர்ச்சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஈரத்தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தது, நான் வயிற்றைத் தொட்டதும் உறுமியது. ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை.

ராத்திரி ஒன்பதரைக்கு டவுனில் ஒரு தனியார் கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள். மாங்கொட்டை எக்ஸ்ரேயில் எலும்பு மாதிரி பளிச்சென்று தெரியாதாம். குடலில் ஓர் இடத்துக்கு முன்னால் வாயு தேங்கி உப்பியிருந்தது மட்டும் தெரிந்தது. பிறகு ஸ்கேனில் டாக்டர் விரலை வைத்துக் காட்டினார், வளைந்த ஒரு கோடு, அதற்குக் கீழே இருட்டு. காலை வரை காத்திருந்தால் அந்த இடத்தில் குடல் கறுத்துவிடலாம், அப்புறம் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டியிருக்கும் என்றார். நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு குறையும் என்று எனக்குத் தெரியும், ஐம்பது கிலோமீட்டர்தான். 1985இல் அந்தக் கல்லூரி வந்ததிலிருந்து நம் சங்கத்து மாடுகள் எத்தனை போயிருக்கின்றன! ஆனால் மணி காரில் படுத்திருந்த நிலையைப் பார்த்ததும் வாய் வரவில்லை. செய்யுங்கள் என்றேன்.

ராத்திரி பன்னிரண்டரைக்குக் கொட்டையை எடுத்தார்கள். நாரெல்லாம் போய், வழுவழுவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தது. கழுவி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார் டாக்டர். அது இப்போதும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சரோஜா தினமும் தூக்கிப்போடச் சொல்கிறாள். அது ஆதாரம், தொடாதே என்று வைத்திருக்கிறேன்.

இனி கணக்கு, நீ ஆடிட்டர் என்பதால் பைசா விடாமல் சொல்கிறேன். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 6,200. மயக்க மருந்தோடு ஆபரேஷன் 24,000. நாலு நாள் படுக்கைக்கு 6,000. வீட்டுக்கு வந்த மருந்து 2,200. மொத்தம் 38,400. நம் மெடிக்ளைம் மாதிரி கார்டைக் காட்டிவிட்டு வர முடியாது, முழுப் பணத்தையும் கட்டிவிட்டு ரசீதை வாங்கி அனுப்பிக் கேட்க வேண்டும். கட்டினேன். அனுப்பினேன்.

முதல் பதில்: நோய்க்கு 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு, உங்களுடையது பதினெட்டாம் நாள், ஆகவே இல்லை. நான் எழுதினேன், இது நோய் இல்லை, விபத்து, விபத்துக்குக் காத்திருப்பு கிடையாது என்று உங்கள் பாலிசியிலேயே இருக்கிறது. (அதற்குள் படித்துவிட்டேன். படிக்கவேண்டிய நாளில் படிக்காமல்.) அவர்கள் கேட்டார்கள், வாந்தி எப்படி விபத்தாகும்? மாப்ளே, நான் 63 வயதில் அந்தக் கம்பெனியில் இருக்கிற ஒரு சின்னப் பெண்ணோடு அரைமணி நேரம் தர்க்கம் பண்ணியிருக்கிறேன், மாங்கொட்டை விபத்தா நோயா என்று. கடைசியில் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார், உடம்புக்கு வெளியிலிருந்து வந்த பொருள், திடீர் அடைப்பு என்று. அது வேலை செய்தது.

அடுத்தது ஆரம்பித்தது. ‘சார், நீங்கள் இன்சூர் செய்தது ஆண் நாய். ஆஸ்பத்திரி ரசீதில் பெண் நாய் என்று இருக்கிறது. இது வேறு நாயா?’

மணி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் போன் பையன் ஆண் என்று போட்டிருக்கிறான். அதை நான் கவனிக்கவில்லை. ஆறு வாரம் ஃபைல் அப்படியே கிடந்தது. கிளினிக்கின் பழைய தடுப்பூசி அட்டை, போட்டோ எல்லாம் தேடி அனுப்பினேன். ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனிடம் போவேன், காசு செலவில்லாமல் மனுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும் என்று எழுதினேன். போன வாரம் 24,000 வந்தது. ஆபரேஷனும் படுக்கையும் 30,000, அதில் 20 சதவீதம் நம் பங்கு. அட்மிட் ஆவதற்கு முன் எடுத்த ஸ்கேன் வகையறாவும் வீட்டுக்கு வந்த மருந்தும் கணக்கில் வராது. ஆக என் கையிலிருந்து 14,400.

பணம் வந்ததே, அப்புறம் என்ன புலம்பல் என்பாய். அந்தப் பெண் ‘இது வேறு நாயா’ என்று கேட்டாளே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குப்பாயி அக்கா ஞாபகம் வந்தது.

நீ தணிக்கைக்கு வந்த வருஷம்தான். ஜெர்சி மாடு, ஈன்று மூன்று மாதம், வயிறு உப்பிச் செத்தது. கட்டுத்தறியில் தேய்த்துத் தேய்த்து, இன்சூரன்ஸ் நம்பர் போட்ட காது வில்லை அதற்கு முந்தின வாரமே விழுந்துவிட்டது. அக்கா அதை எடுத்து முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். வில்லை காதில் இருக்க வேண்டும், விழுந்தால் உடனே சொல்லி வேறு போட வேண்டும், அது விதி. நானே சங்கக் கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தோடு இல்லையென்றால் துட்டு இல்லை என்று. கைதட்டல் வேறு வாங்குவேன். அவள் முந்தானையை அவிழ்த்து மஞ்சள் வில்லையை என் மேஜையில் வைத்தாள். நம்பர் சரியாகத்தான் இருந்தது. ‘தினமும் ரெண்டு வேளை உங்ககிட்டத்தானே பால் ஊத்துனேன், எம் மாடு எதுன்னு உங்களுக்குத் தெரியாதா சாமி?’ என்றாள். தெரியும், நன்றாகத் தெரியும். விதி இடம் கொடுக்காது என்றேன். நீயும் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டுப் பச்சை மையில் டிக் அடித்தாய். இரண்டு பேரும் அதற்கப்புறம் ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றோம். செத்த இடத்துக்கு நான் போய்ப் பார்த்து ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. நடந்திருக்குமோ நடந்திருக்காதோ, எழுதவில்லை. அக்கா போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் வாழப்பாடிப் பக்கம் எங்கோ இருக்கிறான் என்று கேள்வி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டிக்கு இப்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். எடு. குட்டி நாய்தான் சாக்ஸ், எலும்பு, பொம்மைக் கண் என்று அகப்பட்டதை எல்லாம் விழுங்கும். ஆனால் தெருவில் எடுத்த நாட்டு நாய் என்று எழுதியிருந்தாய், அதனால் ஒன்று கவனி. நாயின் விலையை வைத்துத் தொகை போட்டு, செத்தால் கொடுக்கிற பாலிசி உனக்கு உதவாது. நாட்டு நாய்க்கு என்ன விலை போடுவான்? செத்த பிறகு காசை வைத்துக்கொண்டு நீதான் என்ன செய்யப்போகிறாய்? ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவு கொடுக்கிறதாகப் பார். அடுக்குமாடியில் இருப்பதால் நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்த நஷ்டஈட்டுக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார், லிஃப்டில் ஒரு தாத்தா சண்டைக்கு வருகிறார் என்றாயே. வெளிநோயாளிச் செலவு, ஸ்கேன், நம் பங்கு எத்தனை சதவீதம், ஒவ்வொரு செலவுக்கும் தனி உச்சவரம்பு உண்டா, எந்த வயதுவரை புதுப்பிப்பார்கள், இவற்றை எழுத்தில் வாங்கு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குத் தரமாட்டார்கள். தடுப்பூசி, குடல்புழு மாத்திரை, கருத்தடை ஆபரேஷன், பிரசவம் எல்லாம் சாதாரணமாகக் கைச்செலவுதான். பார்வோ, டிஸ்டெம்பருக்கு வருஷாவருஷம் போடும் ஊசியை விட்டுவிட்டு அந்த நோயே வந்தால் பணம் கேட்க முடியாது. அதனால் அட்டையில் டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கட்டும், மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டச் சொல். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி அளவு சிப் வைக்கிறார்களே, அதையும் வைத்துவிடு. பதினைந்து இலக்க எண், தேய்த்தாலும் விழாது. குப்பாயி அக்காவின் மாட்டுக்கு அது இருந்திருந்தால்... விடு.

மெடிக்ளைம் மாதிரி வருமான வரியில் கழிக்கலாமா என்று உன் புத்தி ஓடும். முடியாது. அந்தச் சலுகை நமக்கும் மனைவி, மக்கள், பெற்றோருக்கும்தான்.

வித்யா வேறு கட்சி. மாதம் 500 தபால் ஆபீஸ் ஆர்.டி. போட்டால் ஐந்து வருஷத்தில் 30,000, வட்டி தனி, யாரிடமும் மாங்கொட்டையைப் பற்றி வாதாட வேண்டாம் என்கிறாள். நியாயம்தான், நாய் ஐந்து வருஷம் ஒன்றும் விழுங்காமல் பொறுத்துக்கொண்டால். நான் இரண்டும் செய்யப்போகிறேன். மணியின் பாலிசியில் ஆண் என்பதைப் பெண் என்று திருத்தக் கேட்டு எழுதியாகிவிட்டது. அடுத்த வாரம் வரும் என்கிறார்கள், வந்தால்தான் நிஜம்.

உன் குட்டியின் பெயரைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாய், ஆணா பெண்ணா என்றும் எழுதவில்லை. தபாலில் இரண்டு போட்டோ அனுப்பு, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பார்சல் போடுவேன். காரம் தங்கச்சிக்கு ஆகாது என்றால் அவளுக்குத் தனியாகக் குறைத்துப் போடச் சொல்கிறேன். வாழப்பாடியில் உன் சித்தப்பா பையன் இன்னும் கடை வைத்திருக்கிறானா? அவன் நம்பர் இருந்தால் அனுப்பு, குப்பாயி அக்கா மகனைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

அன்புடன்,
கந்தசாமி