குழி மூடும் முன் யாராவது பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் கூரைத் தகரம் ஓட்டையானால் ஆபீசில் சொல்வோம், தோட்டத்து ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவார். வீட்டுக்குப் பிளான் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. சொந்த வீடு வாங்கிய பிறகும் அது தெரியாமலே இருந்ததால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் 18,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்துப் பின்பக்கம் சமையற்கட்டை நீட்டினோம். "சின்ன வேலைதானே, பெர்மிட்டெல்லாம் வேண்டாம்" என்றார் வேலையை எடுத்த குத்தகையாளர். நம்பினேன். கான்கிரீட் ஊற்றிய அன்று காலை அஸ்திவாரக் குழியைப் பார்த்தேன். ராத்திரி பெய்த மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கம்பிகள் வெறும் மண்மேல் கிடந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கிற சிமெண்டுக் கட்டை ஒன்றுகூட இல்லை. அது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பத்தே மாதத்தில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம் பிளந்துவிட்டது. பத்து காசை உள்ளே நுழைக்கலாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் சுவரிலும் விரிசல். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். இருக்கிற வீட்டை நீட்டுவதும் அதில் சேரும். அளவுகளெல்லாம் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டங்களில் இருக்கின்றன. ஜன்னல், தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி சமையற்கட்டுக்கு 12 சதுர அடி ஜன்னல் வேண்டும். எங்களுக்கு வைத்தது இரண்டடிக்கு இரண்டடி. தாளிக்கும்போதெல்லாம் என் மனைவி துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

புது வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு குடியிருக்கத் தகுந்தது என்று மன்றம் தந்த பழைய சிஎஃப் சான்றிதழ் போய், 2007 ஏப்ரல் 12 முதல் சிசிசி என்ற கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டது. அதைத் தருவது மன்றம் அல்ல, பிளானைச் சமர்ப்பித்த நிபுணர். அதற்கு முன் ஜி1 முதல் ஜி21 வரையிலான படிவங்களில், ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். அஸ்திவாரத்துக்கே தனிப் படிவம் இருக்கிறது. கான்கிரீட் விழுந்த பிறகு உள்ளே கம்பி எப்படிக் கிடக்கிறது என்று யார் பார்க்க முடியும்? என் வீட்டுக் குழியை மூடும் முன் விவரம் தெரிந்த ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இந்த அளவுகளையும் படிவங்களையும் வாரம் ஒன்றாகத் தமிழில் உங்கள் பத்திரிகையில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மன்றத்தில் இருக்கிற நம் உறுப்பினர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஒருவரைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து வந்து விளக்கச் சொல்லலாம். எங்கள் வரிசையில் தீபாவளிக்கு முன் இன்னும் மூன்று வீடுகளில் பின்பக்கம் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் முதல் வாரப் பகுதி வந்தால் பெரிய உதவி.

தோட்டத்துப் பிள்ளை,
சுங்கை சிப்புட், பேராக்