லா பால்மா போகும் மகளுக்கு

கிருஷ்ணகிரி

அன்புக் கண்ணு,

பிப்ரவரியில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவுக்குப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். குவாரியில் கல்லோடு காலம் தள்ளியவன் நான். எரிமலைக் கல்லைக் கையால் தொட்டதில்லை. எனக்கும் சேர்த்துத் தொட்டுப் பார்.

நம் ஊர் கிரானைட்டும் ஒரு காலத்தில் நெருப்புக் குழம்புதான். பூமிக்கடியில் கிடந்து மெல்ல ஆறியதால்தான் பாலீஷ் போட்ட பலகையில் வெள்ளையும் கறுப்புமாக மணிமணியாகத் தெரிகிறது. அங்கே குழம்பு வெளியே வழிந்து சட்டென்று இறுகிவிடும். மணி பிடிக்க நேரம் கிடைக்காது, வாயு போன ஓட்டைகள்தான் இருக்கும். நம் பாறைக்கு வயது 200 கோடி ஆண்டுக்கு மேல். அந்தத் தீவு கடலுக்கு மேலே வந்து 20 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை.

2021 செப்டம்பர் 19-ல் வெடித்த எரிமலை 85 நாள் கக்கியது. வீடுகளும் வாழைத்தோட்டங்களும் அடியில் போய்விட்டன. மாந்தோப்பை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் நாம், ஒரு தோப்பு போவது என்னவென்று நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் வழிகாட்டியோடு மட்டும் போ. கல் உடைந்த கண்ணாடி போல அறுக்கும். நல்ல பிடிமானமுள்ள ஷூ, முழுக்கால் பேன்ட், கையுறை மூன்றும் வேண்டும். தீவின் உச்சி 2,426 மீட்டர். ஓசூர்க் குளிரை நினைத்துக்கொண்டு ஒரு ஸ்வெட்டரோடு கிளம்பிவிடாதே சாமி.

அப்புறம் வானம். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி முன்னால் சின்னப் பிள்ளையாக வாய்பிளந்து நின்றாயே, லா பால்மா உச்சியில் இருப்பதன் கண்ணாடி 10.4 மீட்டர்! மேகம் பெரும்பாலும் மலை இடுப்போடு நின்றுவிடும். தெருவிளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காமல் இருக்க 1988-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் கொடு, அதுவரை ஃபோனைத் தொடாதே.

முதலில் வடக்கே பார். கையை நேரே நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்து அளந்தால், இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே நிற்கும். அங்கே ஏறக்குறைய மூன்று முட்டி. அகத்திய நட்சத்திரம் (கேனோபஸ்) நேர்மாறு. இங்கே தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் பளிச்சென்று இருக்கும். அங்கே ஒரு முட்டிகூட வராது. பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணி வாக்கில், தெற்கே மலை மறைக்காத இடமாகப் பார்த்து நில். அமாவாசையை ஒட்டித் தேதி எடுத்திருக்கிறாய், நல்ல யோசனை. உன் அகத்தியர் எத்தனை தாழ்வாக இருக்கிறார் என்று சொல், இங்கே மொட்டை மாடியில் நானும் அளந்து வைக்கிறேன்.

கல் எதையும் எடுத்து வராதே, அங்கே அதற்குத் தடை. உடைந்த பக்கம் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தால் ஓட்டையின் அளவு புரியும்.

அன்புடன்
அப்பா