அறவழிக்கு வலுவான வாதம் வேண்டும்

ஐயா,

அறவழிப் போராட்டத்தை ஆதரித்துப் பேசுவோர் பலரும் ‘வன்முறை பாவம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது வருத்தமளிக்கிறது. வயிறெரிந்து வந்து நிற்கும் இளைஞரிடம் அது எடுபடுவதில்லை.

1930 மார்ச் 2 அன்று வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதம் வேறு வகையானது. ‘அன்பு நண்பரே’ என்று விளித்துத் தொடங்கிய அவர், வைஸ்ராயின் மாதச் சம்பளமான 21,000 ரூபாயை நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டு, இந்தியர் ஒருவரின் சராசரி நாள் வருமானம் இரண்டணாவுக்கும் (ரூபாயில் எட்டில் ஒரு பங்கு) குறைவு என்பதை அதனருகில் வைத்தார். தனி மனிதராக இர்வின் மீது தமக்குள்ள மதிப்பையும் மறைக்கவில்லை. எதிராளியை இழிவுபடுத்தாமலே அவரைப் பதில் சொல்லும் இடத்தில் நிறுத்துகிற இந்த முறை எத்தனை கூர்மையானது! ஆங்கிலேய அரசு வரி விதித்திருந்த உப்பை அவர் போராட்டத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் அப்படியே. கஞ்சிக்கு உப்பில்லாத துயரம் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் அவ்வாண்டே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பெடுத்தார்.

அண்மையில் கிருஷ்ணகிரியில் மாங்காய்க்கு விலை கேட்டு உட்கார்ந்திருந்தவர்களிடையே, முழக்கங்கள் ஓய்ந்த பிறகு, முதியவர் ஒருவர் கசங்கிய எடைச்சீட்டைப் பிரித்து, கைக்கு வந்த தொகையையும் பறிகூலியையும் வண்டி வாடகையையும் நிதானமாகப் படித்தார். காவலுக்கு நின்றவரும் அருகில் வந்து சீட்டை எட்டிப் பார்த்தார். போராட்டக் குழுவினர் இனி இத்தகையோரிடம் முதலில் ஒலிபெருக்கியைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி