முதல் படியில்தான் சிக்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கித் தீர்வு தேடும் முறையான டிசைன் திங்கிங் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் ஐந்து படிகளையும் விளக்கிய கட்டுரையாளர், பயன்படுத்துபவரைப் புரிந்துகொள்ளும் முதல் படியை மட்டும் இரண்டே வரியில் தாண்டிவிட்டார். மென்பொருள் சோதிப்பவள் என்பதால் எனக்கு அது உறுத்தியது.

கிடங்கு ஊழியர்களுக்கான ஒரு செயலியில் பதிவுகள் தாமதமாக வருகின்றன, சர்வரை வேகப்படுத்துங்கள் என்றது நிர்வாகம். நேரில் போய்ப் பார்த்தால், ஊழியர்கள் கையில் தடித்த கையுறை. திரையில் பொத்தானோ சுண்டுவிரல் நகம் அளவு. எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்து வைத்து, ஷிப்ட் முடிந்ததும் மொத்தமாக ஏற்றுகிறார்கள். சர்வர் பாவம், என்ன செய்யும்? அட்டையில் பெரிய பொத்தான்களை வரைந்து அவர்களிடமே கொடுத்தோம். ஒரு வரி கோட் எழுதும் முன்பே வழி தெரிந்துவிட்டது.

மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஜிஇ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டக் டீட்ஸும் இப்படித்தான். எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் பயந்து அழுத சிறுமியைப் பார்த்தவர், இயந்திரத்தின் உள்ளமைப்பைத் தொடாமல், அறையையே கடற்கொள்ளையர் சாகசமாக மாற்றினார். மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள்.

ஆனால் டிசைன் திங்கிங் என்ற பெயரில் சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டி, படமெடுத்துவிட்டுக் கலையும் பயிலரங்குகள் ஏராளம். அடுத்த கட்டுரையிலாவது, பயன்படுத்துபவரைப் போய்ப் பார்க்கும் நேரத்தை நிறுவனங்கள் எந்த பட்ஜெட்டில் ஒதுக்குகின்றன என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்