போன் வேண்டாம், சிம் கொடுங்கள்: முதலாளிகளுக்கும் ஹெச்.ஆர். பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிறு, நடுத்தர நிறுவனங்களை நடத்துவோருக்கு வணக்கம்.

புதிதாகச் சேருபவரிடம் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் வாங்கியதும் அடுத்துக் கேட்பது, "உங்க வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்க." அன்று சாயங்காலத்துக்குள் அந்த நம்பர் நாலு குரூப்பில் ஏறிவிடும். வருகைப்பதிவு ஆப் ஒன்று போனில் வந்து உட்காரும். மறுவாரம் விசிட்டிங் கார்டிலும் அதே நம்பர். போன் அவருடையது, ரீசார்ஜ் அவருடையது. இதைப் பற்றி நியமனக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது. அலுவலகங்களுக்கு போன், கம்ப்யூட்டர் அமைத்துத் தரும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஊழியருக்கு இதில் நட்டம் என்று சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகவே உங்கள் நட்டத்திலிருந்து தொடங்குகிறோம்.

உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல கடைகளில் அது அக்கவுண்டன்டின் சொந்த நம்பர். அவர் மனஸ்தாபத்தோடு வேலையை விட்டுப் போயிருந்தால், ஓடிபி வைத்து ரிட்டர்ன் போடும் கடைக்காரர் 20ஆம் தேதி அவரைத்தான் போனில் கெஞ்ச வேண்டும். போர்ட்டலுக்குள் நுழைய முடிந்தால் பரவாயில்லை. பதிவுத் திருத்தத்தில் 'நான்-கோர்' பகுதிக்குப் போய்க் கையொப்பதாரரின் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் அவரோடு போயிருந்தால், ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் வட்டார வரி அதிகாரியிடம் போக வேண்டியதுதான். கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கம், ஃபேஸ்புக் பக்கம் எல்லாம் இதே ரகம். இன்னொன்று: அவர் அந்த நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டால், 90 நாளுக்குப் பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் ஒலிக்கும்.

போன் வாங்கித் தர முடியாவிட்டால் போகட்டும், ஒரு சிம் வாங்கிக் கொடுங்கள். ஊழியர்கள் கையில் இருக்கும் போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம்முக்கு இடம் உண்டு. நிறுவனப் பெயரில் 'பிசினஸ் கனெக்‌ஷன்' ஆக எடுங்கள். மொத்தமாகப் பத்து சிம் வாங்கி டிராயரில் போட்டு, வருகிறவருக்கு ஒன்று நீட்டும் வழக்கம் இனி ஆகாது. தொலைத்தொடர்புத் துறை 2023இல் அந்த மொத்த இணைப்பு முறையையே நிறுத்திவிட்டது. சிம்மைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கேஒய்சி வேண்டும், ஆள் மாறினால் அதையும் மாற்ற வேண்டும்.

அந்த நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போடுங்கள். சொந்த வாட்ஸ்அப் அதன் பாட்டுக்குத் தனியாக ஓடும். போட்ட கையோடு செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்க பின் வையுங்கள். மீட்பு மெயிலாக நிறுவனத்தின் மெயிலைக் கொடுங்கள், ஊழியரின் ஜிமெயிலை அல்ல. இந்த இரண்டு நிமிட வேலையை விட்டவர்கள் பின்னால் படும் பாட்டைப் பார்த்திருக்கிறோம். சிம் திரும்பி வரும், புதுப் போனில் போட்டால் பழைய ஊழியர் வைத்த பின்னைக் கேட்கும். தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் வாடிக்கையாளர் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருப்பார், பார்க்க ஆள் இருக்காது.

வருகைப்பதிவு ஆப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதில் சம்பளம் பிடிக்கப்படுகிறது. பஞ்ச் விழவில்லை என்றால் ஆள் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது. அப்போது போன் வைஃபையையும் டவரையும் வைத்து இடத்தை ஊகிக்கும். ஆபீசைச் சுற்றி 50 மீட்டர் வட்டத்துக்குள் இருந்தால்தான் பஞ்ச் விழும் என்று நீங்கள் வைத்திருந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை ஆப் எதிர்த் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும். ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் வேறு வம்பு: பேட்டரியை மிச்சம்பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை போனே நிறுத்திவிடும். ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால்தான் அது தொடர்ந்து ஓடும். ஆண்ட்ராய்டு 11 முதல் 'எல்லா நேரமும்' என்ற லொகேஷன் அனுமதியைத் திரையில் எழும் பெட்டியிலேயே தட்டிக் கொடுக்கவும் முடியாது, செட்டிங்ஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இதெல்லாம் சேல்ஸில் இருப்பவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆபீசுக்குள் வேலை பார்ப்பவருக்கு 'எல்லா நேரமும்' எதற்கு? உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஆப்பைத் திறந்து தட்டினால் போதும், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அனுமதியே அதற்குத் தாங்கும். வட்டத்தை 150 மீட்டராக்குங்கள். வாசலில் கைரேகை மெஷின் ஒன்று இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. வெளிவேலைக்காரர்களைப் பின்தொடர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் தானாக நிற்கும்படி ஆப்பை அமைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்பது உங்கள் கணக்கில் சேராது.

அலுவலக மெயிலை ஊழியரின் போனில் சேர்க்கும்போது 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்கும் பழைய முறை இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அந்தத் திரையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்: முழுத் தரவையும் அழிக்கும் அதிகாரம் அதில் இருக்கும். ராஜினாமா கடிதம் வந்த அன்று ஐ.டி. ஆள் ஒரு பொத்தானைத் தட்டினால், உங்கள் மெயிலோடு ஊழியரின் குழந்தை போட்டோக்களும் போய்விடும். ஆண்ட்ராய்டில் 2014 முதலே இதற்கு மாற்று இருக்கிறது: ஒர்க் புரொஃபைல். அலுவலக ஆப்கள் தனி அறையில் இருக்கும், ஐகான் மேல் சின்னப் பெட்டிப் படம் இருக்கும். நிர்வாகி அழித்தால் அந்த அறை மட்டும் காலி. சொந்த போட்டோ, மெசேஜ் எதுவும் அவர் கண்ணில் படாது. சாயங்காலம் ஒரே தட்டில் ஊழியர் அந்த அறையைப் பூட்டிவிடலாம். ஐபோனில் இதே போன்ற ஏற்பாடு ஐஓஎஸ் 13இல் வந்துவிட்டது.

காசு விஷயம். 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், 12 அல்ல. மாதாமாதம் அலவன்ஸ் கொடுக்கும் சில நல்லவர்களும் இங்கே ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நிறுவனப் பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வந்தால் அதில் உள்ள 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியும், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஊழியர் தன் பெயரில் செய்யும் ரீசார்ஜில் அது கிடைக்காது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2014இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலைக்குச் சொந்த போனில் பேசியே ஆக வேண்டும் என்றால் பில்லில் நியாயமான பங்கை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. ஊழியரிடம் அன்லிமிடெட் பிளான் இருந்தாலும், தனியாகச் செலவு கூடாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. "எப்படியும் ரீசார்ஜ் பண்ணத்தானே போறான்" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சந்தேகம் வந்தால் போனைத் திறந்து காட்டச் சொல்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 7இல் வேலை தொடர்பான சில தேவைகளுக்குத் தரவைக் கையாள இடம் தருவது உண்மைதான். அதை கேலரியைப் புரட்டும் உரிமையாகப் படிக்காதீர்கள்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் செய்ய வேண்டியதற்கு வரிசை முக்கியம். முதலில் ஜிஎஸ்டி, பி.எஃப்., பேங்க், மெயில் எல்லாவற்றிலும் நம்பரை மாற்றி, புது நம்பருக்கு ஓடிபி வருகிறதா என்று சோதியுங்கள். பிறகு வாட்ஸ்அப் பிசினஸை அடுத்தவர் போனுக்கு மாற்றுங்கள். ஒர்க் புரொஃபைலை அவர் முன்னாலேயே நீக்குங்கள். குரூப்களிலிருந்து எடுத்துவிட்டு, சிம்மைக் கடைசியாக வாங்குங்கள். முதலிலேயே வாங்கிவிட்டால் நடுவில் வரும் ஓடிபிக்கு மறுபடி அதைப் போட்டுத் தேட வேண்டும். ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் 'சிம் பெறப்பட்டது, போனில் நிறுவனத் தரவு இல்லை' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
அலுவலக போன்களை அமைத்துத் தரும் தொழில்நுட்பப் பணியாளர்கள்