பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுகிறேன். இருவரும் நலம். பூனைக்குட்டி சங்கதியை அம்மா போனில் பாதியில் விட்டாளாம். மீதியை நான் சொல்கிறேன்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாவிட்டால், காசிமேட்டுப் பூனைகளுக்கும் பட்டினிதான். மே கடைசியில் ஒருநாள் விடிகாலை, காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இது கத்திக்கொண்டிருந்தது. தாய் வருமென்று வெயில் ஏறும்வரை எட்ட நின்று பார்த்தேன். வரவில்லை. துண்டில் சுற்றித் தூக்கினேன். கையைக் கீறிவிட்டது. கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவி, ஊசியும் போட்டுக்கொண்டேன், கவலைப்படாதே.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஆறேழு வாரக் குட்டியாம். பூச்சி மருந்து கொடுத்தார்கள். மாட்டுப்பால் மட்டும் வேண்டாம், வயிற்றால் போகும் என்றார் டாக்டர். பூனை என்றாலே பால்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்!

உன் அறையில்தான் வைத்திருக்கிறோம். வீடு முழுக்க விட்டால் எங்காவது சந்தில் புகுந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, தள்ளி, வெளிக்குப் போக மண் நிரப்பிய ஒரு தட்டு, அவ்வளவுதான். குக்கர் விசில் அடித்தாலும், ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலும் அதற்கு உடம்பு தூக்கிப்போடும். அம்மா பிடித்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. பயத்தில்தான் அது சீறுகிறது கண்ணு. தலைக்கு மேலே இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி.

தினமும் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், தினத்தந்தியை மெல்லிய குரலில் வாசிப்பேன். கண்ணோடு கண் பட்டுவிட்டால் மெதுவாக இமையை மூடித் திறப்பேன். உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியை முள் எடுத்து மசித்து, முதலில் கரண்டியில், அப்புறம் விரல் நுனியில் வைத்து நீட்டினேன். ஒன்பதாம் நாள் வந்தது. கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக இருக்க, ஒரே நக்கு. உப்புக்காகித நாக்கு. உள்ளே ஓடியது. நான் விரலை எடுக்கவில்லை. திரும்பி வந்து மிச்சத்தையும் நக்கியது.

மறு வாரம் என் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. அதன் குர்குர் சத்தம் கால் எலும்பு வரைக்கும் கேட்டது. கால் மரத்துப்போயும் ஒரு மணி நேரம் அசையவில்லை. அம்மா டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது தடை முடிந்து மீன் நிறைய வருகிறது. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட வேண்டும்.

நீ லீவில் வரும்போது உடனே தூக்காதே. கீழே உட்கார், விரலை மோந்து பார்க்கட்டும், அப்புறம் தாடையைத் தடவு. உன் பெட்டியை வாசலிலிருந்தே கையில் தூக்கிக்கொண்டு வா. அந்தச் சக்கரச் சத்தத்தை அது இன்னும் கேட்டதில்லை.

அன்புடன்,
அப்பா